முதியோர் இல்லக் கட்டணம்: படுக்கையைப் பார்த்தா, நிமிடத்தைப் பார்த்தா?

பாளை_இல்லம்
பாளையங்கோட்டைப் பக்கம் 30 படுக்கை உள்ள இல்லத்துக்காகக் கேட்கிறேன். கட்டணம் மூணு விதம்: நடமாட்டம் உள்ளவங்க, கைத்தாங்கல் வேண்டியவங்க, படுத்த படுக்கை. பகல் 4 அட்டெண்டர், ராத்திரி 2 பேர், காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் ஷிஃப்ட் மாறும். படுக்கை ஆட்கள்கிட்டதான் அதிகமா வாங்குறோம். ஆனா ஆள் பத்தாமப் போறது நடுப் பிரிவாலதான். குடும்பத்துக்காரங்களோ "எங்க அம்மா நடக்காங்கள்லா, பின்ன ஏன் கைத்தாங்கல் ரேட்டு"ன்னு நிக்காங்க. பார்தெல் மதிப்பெண் வச்சுப் பிரிச்சாப் போதுமா, இல்ல வேற முறை இருக்கா?

செவிலியக்கா
பார்தெல் மட்டும் போதாது தம்பி. 1965ல் வந்த அளவுகோல் அது. சாப்பாடு, குளியல், முகம் தலை சீவுதல், உடை, மலம், சிறுநீர், கழிப்பறை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடை, படி ஏறுதல் என்று பத்துத் தலைப்பு, மொத்தம் 100. மாறுதலுக்கும் நடைக்கும் 15 வீதம், குளியலுக்கும் முகம் தலைக்கும் 5 வீதம், மற்றதுக்கெல்லாம் 10. ஒருத்தர் தேறி வருகிறாரா என்று பார்க்க அருமையான கருவி. ஆனால் அது சொல்வது அவரால் என்ன முடியும் என்பதைத்தான். உங்கள் ஆட்களுக்கு எவ்வளவு வேலை என்பதை அது சொல்லாது.

மூன்று பேரை வைத்துப் பாருங்கள். எல்லாம் உதாரணக் கணக்கு.

ஒரு தாத்தா. 48 கிலோ, முழுப் படுக்கை, மூக்கில் ட்யூப், டயப்பர். பார்தெல் 0. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டிராஷீட் (உடம்புக்கு அடியில் போடும் குறுக்கு விரிப்பு) பிடித்துப் புரட்ட 12 தடவை, 3 நிமிடம், இரண்டு ஆள்: 72. ட்யூப் ஃபீடிங் 6 தடவை, 12 நிமிடம்: 72. டயப்பர் 4 தடவை, 10 நிமிடம்: 40. துடைத்துவிட 25, வாய் சுத்தம் 10, துணி விரிப்பு 10, ட்யூப் வழி மருந்து 15. மொத்தம் 244 நிமிடம்.

அடுத்து ஒரு ஆச்சி. ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் பலமில்லை, 75 கிலோ, வாயால்தான் சாப்பாடு, மலஜலம் அடக்கத் தெரியும். பார்தெல் 35 வரும். கழிப்பறைக்கு 6 தடவை, 12 நிமிடம், இரண்டு ஆள்: 144. ஊட்டிவிட 3 வேளை, அரைமணி வீதம் 90, காபி டீக்கு 20. குளியல் 40. படுக்கைக்கும் நாற்காலிக்கும் 4 தடவை, 5 நிமிடம், இரண்டு ஆள்: 40. உடை 15, நடைப்பயிற்சி 20, மருந்து 9. மொத்தம் 378.

மூன்றாவது, டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள இன்னொரு ஆச்சி. படியேறுவார், தானே சாப்பிடுவார், பார்தெல் 75. உங்கள் பட்டியலில் "நடமாட்டம் உள்ளவங்க". குளிக்க மாட்டேன் என்பவரைச் சமாதானப்படுத்திக் குளிப்பாட்ட 40, ஒரு நாளைக்கு மூன்று தடவை உடை மாற்ற 30, கழிப்பறைக்கு நினைவூட்டிக் கூட்டிப்போக 7 தடவை 42, தட்டு முன்னால் உட்காரவைக்க 60, மருந்துக்கு 24, ராத்திரி எழுந்து அலைந்தால் 45. ஆக 241. இதோடு கண் வைத்திருக்கும் வேலை. பூட்டிய காம்பவுண்டுக்குள் பகல் 12 மணி நேரம் ஆறு பேரை ஒரு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் தலைக்கு 120. மொத்தம் 361.

பார்தெல் வரிசை 0, 35, 75. நிமிட வரிசையில் தாத்தா கடைசி. உங்கள் நடுப் பிரிவு ஏன் கையைக் கடிக்கிறது என்பதற்கு விடை இதுதான்.

அம்பை_கணக்கர்
அக்கா போட்ட நிமிஷத்தை அப்படியே ரூபாயாக்கலாம். ஒரு அட்டெண்டருக்கு சம்பளம், சாப்பாடு, ஈஎஸ்ஐ எல்லாம் சேர்த்து மாசம் 18,000 ஆகுதுன்னு வச்சுக்கிடுங்க. 12 மணி நேரத்துல சாப்பாடு, டீ, சார்ஜ் ஒப்படைப்பு, நோட்டு எழுத, பொருள் எடுக்க நடக்கிறது கழிச்சா ஆள்மேல கை படுற நேரம் 540 நிமிஷம்தான். 26 நாள் வேலை, 14,040 நிமிஷம். நிமிஷத்துக்கு சுமார் 1.30 ரூபாய். அதாவது ஒருத்தருக்கு தினம் ஒரு நிமிஷம் கூடினா மாசம் 39 ரூபாய். இந்த 39ஐ மட்டும் மனசுல வச்சுக்கிட்டாப் போதும்.

தாத்தா 9,516. ஸ்ட்ரோக் ஆச்சி 14,742. டிமென்ஷியா ஆச்சி 14,079.

உங்ககிட்ட இருக்கிறது தினம் 6 ஆள், ஆளுக்கு 540, மொத்தம் 3,240 நிமிஷம். 30 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 108. உங்க இல்லத்துச் சராசரி 108ஐத் தாண்டுச்சுன்னா எங்கேயோ ஒரு வேலை நடக்கலைன்னு அர்த்தம். பெரும்பாலும் ராத்திரி புரட்டுறதும் வாய் கழுவுறதும்தான் முதல்ல விடுபடும். கணக்கு சரியான்னு இன்னொரு பக்கமும் பாருங்க: வார லீவுக்கு மாற்றாள் சேர்த்து 7 பேர், 1,26,000, முப்பதால வகுத்தா 4,200. 108ஐ 39ஆல பெருக்குனா 4,212. ஒத்துப்போகுது.

டயப்பரைப் பராமரிப்புக் கட்டணத்துல சேர்க்காதீங்க. தாத்தாவுக்கு தினம் 4, ஒண்ணு 40 ரூபாய்னா மாசம் 4,800. அண்டர்பேட், கையுறை, ட்யூப் பவுடர் அதுக்கு மேல. கூட்டிப் பார்த்தா தாத்தா செலவும் ஆச்சி செலவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா தாத்தா மாதிரி ரெண்டு பேர் வந்தா மெடிக்கல் ஷாப் பில்லும் ஏறும். ஆச்சி மாதிரி ரெண்டு பேர் வந்தா ஆளே சேர்க்கணும். ரெண்டையும் ஒரே தொகையில குழப்புனா எது எகிறுதுன்னு வருஷக் கடைசி வரைக்கும் தெரியாது.

சுத்தமல்லி_சுரேஷ்
540ங்கிறது ரொம்ப தாராளம் அண்ணாச்சி. நம்ம பக்கம் பல இல்லத்துல அதே அட்டெண்டர்தான் துணியும் துவைக்கிறது, தரையும் துடைக்கிறது. ஈரத்துணி ஒரு சுமை அலசிப் பிழிஞ்சு மாடியில காயப்போட்டு வர எவ்வளவு நேரம் ஆவும்?

அம்பை_கணக்கர்
சரியான கேள்வி. அப்படின்னா 400தான் மிஞ்சும். 26ஆல பெருக்குனா 10,400, நிமிஷம் 1.73, மாசக் கணக்குல 39க்குப் பதில் 52. துணிக்கும் துடைக்கவும் தனியா ஆள் போடுறது மலிவு. பயிற்சி கொடுத்த ஆளை வாளி தூக்க விடுறது வீண் செலவு.

எண்ணும்_எழுத்தும்
வெளிநாட்டில் இதைத்தான் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். அங்கே எது பலித்தது, எது கெட்டது என்று தெரிந்துகொண்டால் நமக்கு நேரம் மிச்சம்.

அமெரிக்காவில் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) 1998 முதல் 'ரக்-3' என்ற வகைப்பாட்டில் பணம் கொடுத்தது. 44 குழுக்கள். அதன் அடிப்படையில் நான்கே செயல்கள்: படுக்கையில் புரள்வது, இடம் மாறுவது, கழிப்பறை, சாப்பிடுவது. முதல் மூன்றுக்கும் தானாகச் செய்தால் அல்லது பக்கத்தில் நின்று பார்த்தாலே போதுமென்றால் 1, கொஞ்சம் கைகொடுத்தால் 3, பெரும்பகுதி ஒரே ஆள் செய்தால் 4, இரண்டு ஆள் வேண்டுமென்றால் 5. சாப்பாட்டுக்கு 1 முதல் 3. கூட்டினால் 4 முதல் 18 வரை. குளியலும் உடையும் இதில் இல்லை. முதுமையில் அவை முதலிலேயே போய்விடும், எல்லோருக்கும் உதவி தேவைப்படும். அதனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டாது. இந்த நான்கும்தான் கடைசியில் போகிறவை.

அக்கா சொன்ன மூவரில் தாத்தாவுக்கு 18, ஸ்ட்ரோக் ஆச்சிக்கு சுமார் 17, டிமென்ஷியா ஆச்சிக்கு 6. மூன்றாமவர் இங்கேயும் நழுவிவிடுகிறார் பாருங்கள். அதற்காகவே ரக்-3இல் அறிவாற்றல் குறைவு, நடத்தைச் சிக்கல் என்று 10 புள்ளிக்குள் இருப்பவர்களுக்குத் தனி வகைகள் வைத்தார்கள்.

கெட்டது எங்கே? பயிற்சி சிகிச்சை (பிசியோதெரபி போன்றவை) வாரத்துக்கு 720 நிமிடம் தொட்டால் உச்சக் கட்டணம், 500 தொட்டால் அதற்கு அடுத்தது. விளைவு, பலருக்கும் சிகிச்சை 720ஐத் தொட்டதும் நின்றது. 2010இல் 66 குழுக்களாக விரித்தும் அந்த வாசல் அப்படியே இருந்தது. 2019 அக்டோபரில்தான் சிகிச்சை நிமிடத்தை விட்டுவிட்டு நோயாளியின் தன்மையை வைத்துப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

ஜப்பானில் 2000இல் வந்த பராமரிப்புக் காப்பீடு 74 கேள்விகளிலிருந்து கணினி வழியே பராமரிப்பு நேரத்தை மதிப்பிடுகிறது; 110 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் ஐந்தாம் படி. அது கடிகார நிமிடமல்ல, ஒப்பிடுவதற்கான நிலையான நேரம். கணினி சொன்னதோடு முடியாது, மருத்துவர் கருத்தை வைத்து ஒரு குழு இறுதி செய்யும். ஜெர்மனியில் 2017 முதல் ஐந்து படி, 100 புள்ளி. தன்னைப் பேணலுக்கு 40 விழுக்காடு, அறிவாற்றலுக்கும் நடத்தைக்கும் 15. அதற்கு முன்பிருந்த மூன்று படி முறையில் டிமென்ஷியா உள்ளவர்கள் கைவிடப்பட்டார்கள் என்ற புகார்தான் மாற்றத்துக்கே காரணம்.

நமக்கு 44 குழு வேண்டாம். நான்கு செயலும் கண்காணிப்புக்கு ஒரு தனிக் கட்டமும் போதும்.

மேலப்பாளையம்_வாசகி
உறவினர் பக்கமிருந்து கேட்கிறேன். நிமிடம் என்று ஆரம்பித்தால் இல்லம் சொல்வதுதான் நிமிடம். எந்த மகன் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார முடியும்? அதோடு ட்யூப் வைத்தால் நிமிடம் குறைகிறது என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். நாளைக்கே ஊட்ட ஆளில்லை, ட்யூப் போட்டுவிடலாம் என்று சொல்லமாட்டார்களா?

செவிலியக்கா
இரண்டாவது கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது. ஆமாம், சொல்வார்கள். அதனால்தான் கையால் ஊட்டும் அரைமணிக்குக் காசு உண்டு என்று பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத இல்லத்தில் 378ஐ 250க்குக் கொண்டுவரக் குறுக்கு வழி ட்யூப், டயப்பர், கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) மூன்றும்தான். மலஜலம் சொல்லத் தெரிந்த ஆச்சிக்கு டயப்பர் கட்டிவிட்டால் 144 நிமிடம் 40 ஆகிவிடும். இரண்டே மாதத்தில் எழுந்து நிற்கும் பலமும் போய்விடும், பிட்டத்தில் புண்ணும் வரும். முற்றிய டிமென்ஷியாவில் ட்யூபை விடக் கவனமாகக் கையால் ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் பரிந்துரைக்கிறது. கத்தீட்டர் சிறுநீர்த் தொற்றுக்குத் திறந்த வாசல். ஆகவே ட்யூப், கத்தீட்டர் இரண்டும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்; அவற்றால் கட்டணம் ஏறவும் கூடாது, இல்லத்துக்கு லாபம் வரவும் கூடாது.

படுக்கைப்புண் விஷயமும் இப்படித்தான். சேரும் நாளிலேயே தலை முதல் குதிகால் வரை பார்த்து, புண் இருந்தால் அளவெடுத்துப் படத்தோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிரேடன் அளவுகோலில் 18க்குக் கீழோ 18ஓ வந்தால் புண் வரும் ஆபத்துள்ளவர். இல்லத்தில் வந்த புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செலவு இல்லத்துடையது. புரட்டாமல் விட்டுப் புண் வந்து, அதற்கும் கூடுதல் கட்டணம் வாங்குவது அநியாயம்.

முதல் கேள்விக்கு: நிமிடத்தை அட்டெண்டரை எழுதச் சொன்னால் ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து எல்லாத்துக்கும் பத்து பத்து என்று நிரப்பிவிடுவார்கள். அவர்கள் செய்ய வேண்டியது கோடு போடுவது மட்டும். கழிப்பறைக்குக் கூட்டிப்போனால் ஒரு கோடு, இரண்டு ஆள் தேவைப்பட்டால் கோட்டின் மேல் ஒரு வட்டம். தாள் கட்டிலின் கால்மாட்டில் தொங்கட்டும், வருகிற மகளும் பார்க்கட்டும். நிமிடத்தை மேற்பார்வையாளர் ஒருவர் ஒவ்வொரு வேலைக்கும் ஏழெட்டு தடவை ஃபோனில் அளந்து சராசரி எடுத்து வைத்துக்கொண்டால், கோட்டை அதனால் பெருக்க வேண்டியதுதான். கோடு போடுவது மூன்று பகல் மூன்று ராத்திரி, அதில் ஒரு நாள் ஞாயிறு.

சேரும் நாளில் வாய்க்கேள்வியை நம்பாதீர்கள். "நீங்களே குளிப்பீங்களா ஆச்சி"ன்னா "ஆமா, எனக்கென்ன"ன்னுதான் சொல்வாங்க. நாற்காலியில் கை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். அரை டம்ளர் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லி இருமல் வருகிறதா, குரல் கொழகொழக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டில் இந்தியன் கக்கூஸா வெஸ்டர்னா என்று கேளுங்கள். உட்கார்ந்து எழ முடியாமல்தான் பலர் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள்.

எண்ணும்_எழுத்தும்
மறுமதிப்பீடும் வேண்டும். அமெரிக்க இல்லங்களில் எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம், நிலைமை பெரிதாக மாறினால் இடையிலும். நமக்கும் அதே போதும். விழுந்தால், ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்தால், விழுங்கச் சிரமம் தொடங்கினால், புதிதாக அலையத் தொடங்கினால் உடனே கோட்டுத் தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் முதல் இரண்டு வாரம் மோசமாகத்தான் இருப்பார், அதை வைத்து நிரந்தரக் கட்டணப் படி போட வேண்டாம். படி இறங்குவதும் நடக்க வேண்டும். ஒருத்தருக்குக்கூட இறங்காத இல்லத்தின் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லைத் தகராறுக்கு ஒரு வழி: 60 வரை அடிப்படைக் கட்டணத்திலேயே, 60 முதல் 150 இரண்டாம் படி, 150 முதல் 270 மூன்றாம் படி, அதற்கு மேல் நான்காம் படி. எல்லையை 20 நிமிடமாவது தாண்டினால் மட்டும் படி மாற்றம். இல்லாவிட்டால் 148, 153 என்று மாதாமாதம் சண்டை.

அம்பை_கணக்கர்
ரேட்டும் சொல்லிடுதேன். ரெண்டாம் படி நடுவுல 105 நிமிஷம், 4,095. மூணாம் படி 210, 8,190. நாலாம் படிக்கு நடு கிடையாது, உண்மை நிமிஷம் இன்ட்டு 39. வாடகை, சாப்பாடு, கரண்ட் எல்லாம் அடிப்படையில எல்லாருக்கும் ஒண்ணு.

கட்ட முடியாதவங்களுக்கு 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இருக்கு; திருநெல்வேலியிலும் சேரன்மகாதேவியிலும் கோட்டம் உண்டு. பிள்ளைங்க மேல போடுற ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு மாசம் 10,000. அது நாலாம் படிக்கே பத்தாது, அடிப்படைக் கட்டணத்துக்கு வேற வழி பாக்கணும். இதைச் சேர்க்கும்போதே பேசிக்கிடணும்.

சுத்தமல்லி_சுரேஷ்
சராசரி சரியா இருந்தும் காலையில திணறுதுன்னா? 6 பேருக்கு ஊட்டணும்னா இட்லிக்கே 180 நிமிஷம். எட்டு மணிக்கு மேல ஒரு மணி நேரத்துல முடிக்க 3 ஆள் அதுலயே போயிரும். அதே எட்டு மணிக்குத்தான் உங்க ஷிஃப்டும் மாறுது, பாத்துக்கிடுங்க.

செவிலியக்கா
ஷிஃப்ட் மாறுவதை ஏழுக்கு மாற்றிவிடுங்கள் தம்பி. ஊட்டுவதற்கு மட்டும் காலையிலும் மதியமும் இரண்டு மணி நேரம் வருகிற பெண்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள். நேராக நிமிர்த்தி உட்காரவைப்பது, சின்னக் கரண்டி, ஒரு வாய் இறங்கியதும் அடுத்த வாய், இருமினால் நிறுத்துவது, சாப்பிட்டு அரைமணி படுக்கவிடாதது. இவ்வளவையும் கூட நின்று சொல்லிக்கொடுத்த பிறகு தட்டைக் கொடுங்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு, தாமிரபரணிக் கரையோரம் இல்லம் நடத்துகிறவர்கள் ரக்-3இன் 'இடம் மாறுவது' புள்ளியை, வெள்ளத்தில் யாரை எப்படி வெளியேற்றுவது என்று முடிவுசெய்யவும் பயன்படுத்துங்கள். 1 நடப்பவர், 3ம் 4ம் வீல்சேர், 5 போர்வையோடு நான்கு பேர் தூக்க வேண்டியவர். 5 உள்ளவருக்கு மாடி அறை கொடுக்கவே கூடாது. கீழ்த்தளத்தில் வாசலோரக் கட்டில், தண்ணீர் வருகிறது என்றால் முதலில் வெளியே போக வேண்டியவர் அவர்.

பாளை_இல்லம்
ரொம்ப நன்றி. கோட்டுத் தாள் அடுத்த வாரமே போடுறோம். கடைசியா ஒண்ணு: ராத்திரி ரெண்டே பேர். ரெண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியவங்களை எத்தனை பேர் வரைக்கும் சேர்க்கலாம்?

அம்பை_கணக்கர்
பத்து மணியிலருந்து ஆறு மணி வரைக்கும் 480 நிமிஷம். ஒருத்தருக்கு ரெண்டு தடவை, 12 நிமிஷம், அந்த 24 நிமிஷமும் ஹால்ல ஆளே கிடையாது. 4 பேர்னா 96 நிமிஷம், ராத்திரியில அஞ்சுல ஒரு பங்கு. 6 பேர்னா 144. டிமென்ஷியா ஆட்களும் இருக்கிற இடத்துல 4க்கு மேல போகாதீங்க. புரட்டுறதுக்கு ரெண்டு ஆள் வேணுங்கிற படுக்கை ஆளையும் இந்த நாலுலயே சேர்த்து எண்ணுங்க. அஞ்சாவது ஆள் வந்தா மூணாவது நைட் ஆள் போடணும். 30 ராத்திரிக்கு வார லீவு சேர்த்து சுமார் 20,770 ஆகும், அஞ்சு பேருக்குப் பிரிச்சா தலைக்கு 4,150 சொச்சம். அதைப் படியோட கலக்காம 'இரவு இரண்டாள் உதவி'ன்னு பில்லுல தனி வரியாப் போடுங்க. ஆள் குறைஞ்ச மாசம் அந்த வரியை எடுத்திரலாம்.